மார்கழியில் வந்த ஆங்கிலக் கடிதம்

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கோபப்பட உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கலாம். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேதி 1976 டிசம்பர் 14. கடித எண் 418. பெறுநர் திருமதி தங்கபுஷ்பம், தியாகராய நகர். சமையல் கேஸ் இணைப்புக்காக எழுபத்து மூன்றில் நீங்கள் பதிந்துவைத்த முறை வந்துவிட்டது. இன்றிலிருந்து முப்பது நாளுக்குள் ரேஷன் கார்டுடன் நேரில் வந்து கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் பதிவு ரத்தாகும். விஷயம் இவ்வளவுதான். இதை நான் ஆங்கிலத்தில் பதினெட்டு வரிக்கு இழுத்திருந்தேன். சங்கரன்கோவில் உயர்நிலைப் பள்ளியில் கற்ற ஆங்கிலம். 'வராவிட்டால்' என்பதை ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில், இரண்டு கமாக்களுக்கு நடுவே செருகிவைத்திருந்தேன். அடித்து முடித்துப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

அன்று அதேபோல நாற்பது கடிதங்கள் போயின.

எங்கள் ஏஜென்சி பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. முதலாளி சுயம்புலிங்கம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கவுண்டரில் விசாலாக்ஷி, மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீடுகளில் அடுப்பைப் பொருத்திக் கொடுக்கும் மெக்கானிக் நாகராஜ். கடிதப் போக்குவரத்துக்கு நான், கருணாகரன். கவுண்டரில் ஆங்கிலம்தான் பேச வேண்டும், கடிதமும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கேஸ் கேட்டு வருகிறவர்கள் பெரிய மனிதர்கள், ஏஜென்சிக்கு ஒரு தரம் வேண்டும் என்பார்.

ஜனவரி 17, திங்கட்கிழமை. பொங்கல் விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள். ராகுகாலம் கழிந்து ஒன்பதேகாலுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டுப் புடவை கட்டியிருந்தாள். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகிற புடவை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் மஞ்சள் பையிலிருந்து 418ஐ எடுத்து இரண்டு கையாலும் கவுண்டரில் வைத்தாள்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. எங்கள் ஏஜென்சி முத்திரைக்கு மேல் ஒரு குங்குமப் பொட்டு.

விசாலாக்ஷி அதை விரல் நுனியால் தூக்கினாள். "இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் கூடவே சிரித்தாள். நல்ல நாளும் அதுவுமாக எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

"ஸாரி. யுவர் ரெஜிஸ்ட்ரேஷன் ஹேஸ் லாப்ஸ்ட். நெக்ஸ்ட்!"

"சரிங்கம்மா" என்றாள் அவள். நகரவில்லை. "எப்பம்மா கொண்டாருவாக? இன்னைக்கே வருமா? வீட்டைக் கழுவி விட்டுட்டுத்தான் வந்தேன்."

இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. நான் டைப்ரைட்டரை விட்டு எழுந்தேன். எழுந்தேனே தவிர ஒன்றும் செய்யவில்லை.

"கேஸ் கிடையாதும்மா" என்று விசாலாக்ஷி தமிழுக்கு இறங்கினாள். "கேன்ஸல் ஆயிடுத்து. பதிமூணாந் தேதியோட கெடு முடிஞ்சுபோச்சு. லெட்டர்ல க்ளியரா போட்டிருக்கே, படிக்கலையா?"

"எம் பேரு இருந்துச்சு. உங்க சீல் இருந்துச்சு. கேஸ் குடுத்தாச்சுன்னு..." அவள் முகம் மெல்ல மாறியது. "மார்கழி பொறந்த மறுநாளு வந்துச்சு தாயீ. மார்கழியில புது அடுப்பு வைப்பாகளா? தை பொறக்கட்டும்னு சாமி படத்துக்கு முன்னால வச்சிருந்தேன். இந்நேரந்தான் நல்ல நேரம்னு எடுத்துட்டு ஓடியாறேன்."

"யார்கிட்டயாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே?"

"ஏழு குடித்தனம் இருக்க ஸ்டோரும்மா. எனக்கு கேஸ் வருதுன்னு எப்படிப் போய்க் காட்ட? வீட்டுக்கு வாறதுக்கு முன்னாலயே கண்ணு பட்டுப் போவாதா?"

கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு சுயம்புலிங்கம் வந்தார். வரிசையில் கோட்டூர்புரத்துக்காரர் ஒருவர் கைப்பெட்டியோடு நின்றிருந்தார். அவரிடம் "வெரி ஸாரி சார், ஒன் மினிட் சார்" என்று குழைந்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். திரும்புவதற்குள் குரல் வேறாகிவிட்டது.

"மார்கழியாம்! ஏம்மா, நீ நல்ல நேரம் பாக்க வரைக்கும் கம்பெனிக்காரன் சிலிண்டரை அடைகாத்துக்கிட்டு இருப்பானா? ஒரு இங்கிலீஷ் லெட்டரைப் படிக்கத் தெரியாத உனக்கு எதுக்கு கேஸு? நாளைக்கு வெடிச்சுதுன்னா என் லைசென்ஸ்ல்லா போகும்!"

நாகராஜ் வாசலில் ரெகுலேட்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "சிலிண்டரு இன்னா இங்கிலீஷா பேசுது சார்? இப்டி திருவுனா தொறந்துக்கும், அப்டி திருவுனா மூடிக்கும். அத்த நான் சொல்லிக் குட்த்துட்டு வரேன்."

"நீ உன் சோலியப் பாருடா."

"பாத்துக்கினுதான் கீறேன். நம்ம புது வேன் ரெடின்னு டிசம்பர்லயே லெட்டர் வந்துச்சே, நீங்க கூட மார்கழின்னுதான சார் அப்ப எடுக்காம வுட்டு, நாளைக்கு எடுக்கலாம்னு சொல்லிக்கினு கீறீங்க?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கோட்டூர்புரத்துக்காரர் மட்டும் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். சுயம்புலிங்கத்தின் காது சிவந்தது. நாகராஜை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவனைப்போல அடுப்பு பொருத்த ஆள் கிடையாது. அதனால் அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"வேணும்னா புதுசா பேரைப் பதிஞ்சுட்டுப் போ. நம்பர் வரும்போது வரும்."

"எப்ப வரும்?"

"மூணு வருசமோ, நாலு வருசமோ. போ, வழிய விடு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள். கடிதத்தைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போனாள். விசாலாக்ஷி அதைப் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே தள்ளினாள், கையில் மஞ்சள் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு.

நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். மூச்சு விசில் அடித்தது. கொஞ்சம் அடங்கியதும் அவளே சொன்னாள். பத்துக்கு எட்டு அறை, ஜன்னல் கிடையாது, மரத்தூள் அடுப்பு. கணவன் துணிக்கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை நிற்கிறான், அதனால்தான் கேஸை அவள் பேரில் பதிந்தார்கள். இரண்டு வருடமாக இழுப்பு. போன ஆடியில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தாள். புகையை விட்டால் பிழைப்பாய், இல்லாவிட்டால் மருந்து சாப்பிட்டாலும் ஒன்றுதான், சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"மூணு வருசம் நான் தாங்குவேனான்னு தெரியல அண்ணாச்சி" என்றாள். நான் ஆறுதல் சொன்ன இரண்டு வார்த்தையிலேயே ஊர் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"மனு எழுதித் தாரேன். மத்தியானம் வாங்க" என்றேன்.

எழுதினேன். ஆங்கிலத்தில்தான். மத்தியானம் குடோனில் காலி சிலிண்டர்களுக்கு நடுவில் நின்று அவளுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "ஐயா, படிப்பறிவற்ற ஏழைப் பெண்ணாகிய நான், என் அறியாமையால்..."

"நில்லுங்க. யாரு படிப்பறிவத்தவ?"

"மனுவுல அப்படி எழுதினாத்தான்..."

"எட்டு வரைக்கும் படிச்சிருக்கேன். வாரப் பத்திரிகை ரெண்டு வாங்கி அட்டையிலருந்து அட்டை வரைக்கும் வாசிக்கேன். எங்க ஸ்டோருல பாதிப் பேருக்கு ஊருக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கது நான். எனக்குத் தெரியாதது இங்கிலீஷு. அது தெரியாதவன்லாம் தற்குறியா?" அவள் கண்கள் நனைந்திருந்தன, ஆனால் அது அழுகை இல்லை. "அந்த லெட்டரை அடிச்சது ஆரு?"

"நான்தான்."

"உங்களுக்குத் தமிழ் தெரியும். எனக்குத் தமிழ் தெரியும். நடுவுல எதுக்கு இங்கிலீஷு?"

"முதலாளி உத்தரவு. அன்னைக்குப் போன நாப்பது லெட்டரும் இங்கிலீஷ்தான்."

"அவருக்கும் தமிழ்தான தெரியும்? என்னைய ஏசும்போது நல்லா சுத்தமா வந்துச்சே!"

அண்ணாச்சி என்ற சொல் அதற்குள் காணாமல் போயிருந்தது. நான் மனுவைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். கவுண்டரில் சிரித்தவர்கள்மேல் காலையிலிருந்து எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டிருந்தது. அவர்களாவது அவளைத் தெரியாமல் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று, பரிந்து பேசி, பிறகு தாளில் அவளைத் தற்குறி என்று எழுதியிருக்கிறேன்.

"நாப்பது பேருக்கு லெட்டர் போச்சுன்னீயளே" என்றாள். "என்னைய மாதிரி விட்டது எத்தனை பேரு?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. கடிதத்தை அனுப்புவதோடு என் வேலை முடிந்ததென்று இருந்தவன் நான்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு கோப்புகளை எடுத்தேன். நாற்பது நகல்களையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் நேராகக் குறித்தேன். வீட்டில் தொலைபேசி உள்ளவர்கள் இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் கெடுவுக்குள் வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏனென்றால் விசாலாக்ஷி தினமும் நான்கு மணிக்கு அவர்களைக் கூப்பிட்டு, "குட் ஈவினிங், ஜஸ்ட் டு ரிமைண்ட் யூ" என்று சொல்லியிருக்கிறாள். கோட்டூர்புரத்துக்காரரை மூன்று முறை. தொலைபேசி இல்லாதவர்கள் பதினெட்டு பேர். அவர்களுக்கு என் பதினெட்டு வரிக் கடிதம் மட்டும். பதினொரு பேர் வரவில்லை. பதினொரு பேரும் ரத்து. அவர்களுடைய விண்ணப்பங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் கையெழுத்து தமிழில் இருந்தது. ஒழுங்கான, படித்த கையெழுத்துகள். ஒன்றே ஒன்று மட்டும் கோணல். இவர்களுக்கு என்ன மொழி தெரியும் என்பது மூன்று வருடமாக எங்கள் பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை முதலாளியின் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன்.

"ஒரு பொம்பளைக்காக ரூலை மாத்தச் சொல்லுதீரா?"

"போன வருஷம் ஒரு டாக்டருக்கு மாத்தினோம் சார். வெளிநாடு போயிருந்தார்னு அடுத்த பட்டியல்ல முதல் ஆளா வச்சோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். லெட்டர் நான்தான் அடிச்சேன்."

"அவரு டாக்டர்வே!"

"இந்தம்மா நோயாளி."

"கருணாகரன்," என்று பேனாவை மூடினார். "நம்ம ஊர்ப் பையன்னு பாக்கேன். டைப் அடிக்க ஆயிரம் பேரு வெளிய நிக்கான். கேக்காத ஆளுக்கெல்லாம் நீரு வக்காலத்து வாங்காதயும். மத்த பத்துப் பேரு வந்து கேட்டானா?"

எப்படிக் கேட்பார்கள்? ரத்தானதே அவர்களுக்குத் தெரியாது. இன்னும் எத்தனை வீட்டில் அந்தக் கடிதம் சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறதோ. இதை அவரிடம் சொல்லவில்லை. வந்து கேட்க வேண்டும் என்று அவரே வழி காட்டிவிட்டார்.

பதினொரு தபால் கார்டுகள் வாங்கினேன். தமிழில், கையால், நான்கு வரி எழுதினேன். "உங்கள் கேஸ் பதிவு ரத்தாகிவிட்டது. கெடுவைத் தெரிவித்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரேஷன் கார்டுடன் ஏஜென்சிக்கு நேரில் வந்து கேளுங்கள். கெட்ட நேரம் ஒன்பதுக்கே முடிந்துவிடுகிறது." கடைசி வரியை எழுதிவிட்டு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடிக்கவில்லை. கீழே என் பெயரைப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று வீரமாகவெல்லாம் இல்லை. தபால் பெட்டிக்குள் போட்ட பிறகு, திரும்ப எடுக்க முடியுமா என்று கையை விட்டுப் பார்த்தேன்.

24ஆம் தேதி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். அசோக் நகரிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆயா. மாம்பலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த ஷரஃபுதீன். ஆதம்பாக்கத்திலிருந்து தையல்காரர் அம்மாசி. கோணல் கையெழுத்து அவருடையதுதான். முன்னால் தங்கபுஷ்பம். இன்று பட்டு இல்லை, சாதாரண சேலை. ஒருவரும் சத்தம் போடவில்லை. கவுண்டரை மறைத்து நின்று, பதினொரு ரேஷன் கார்டுகளையும் வரிசையாக வைத்தார்கள்.

"என்னவே கூட்டம்?" என்று சுயம்புலிங்கம் வெளியே வந்தார். அம்மாசி நான் எழுதிய தபால் கார்டை நீட்டினார். வாசித்துவிட்டு முதலாளி என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"ரத்தானது ரத்தானதுதான். எல்லாரும் போங்க."

"டாக்டரு ஊருல இல்லன்னு அவருக்கு மட்டும் வச்சீயளாம்ல?" என்றாள் தங்கபுஷ்பம். நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "நாங்க ஊருலயேதான் இருந்தோம். இந்தா இருக்க தெருவுல. ஒரு ஆளை அனுப்பி, தங்கபுஷ்பம் வான்னு சொல்லியிருந்தா செருப்புப் போடாம வந்திருப்பேன்."

"ஏய், குரலை..."

"ஏய்ன்னு சொல்லாதீக. பேரு எழுதியிருக்குல்ல கார்டுல."

கோட்டூர்புரத்துக்காரர் அன்றும் வந்திருந்தார், ரப்பர் குழாயில் ஏதோ குறை சொல்ல. அவர் முதலாளியைப் பார்த்து நிதானமாக, "இஸ் தட் ட்ரூ, மிஸ்டர் சுயம்புலிங்கம்? அபௌட் தி டாக்டர்?" என்றார்.

அவ்வளவுதான். முதலாளியின் முகம் நெளிந்தது. "நோ நோ சார், ஸ்மால் மிஸண்டர்ஸ்டாண்டிங்" என்றார். என்னைப் பார்த்து, "பதினொண்ணையும் அடுத்த பட்டியல்ல மேல ஏத்தி ஒரு லெட்டர் அடியும். நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

பிப்ரவரிப் பட்டியலில் முதல் பதினொரு இடம். கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு ஆத்திரம் அதிகம்தான் ஆனது. பதினொரு பேர் தமிழில் கேட்டபோது வராத பதில், ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டதும் வந்துவிட்டது.

தங்கபுஷ்பத்துக்கும் அது புரியாமல் இல்லை. நன்றி என்று யாரிடமும் சொல்லவில்லை. விசாலாக்ஷி புதிய படிவத்தை நகர்த்தி, பேனாவால் ஒரு இடத்தைத் தட்டி, "இங்க ஒரு சைன்" என்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா உள்ளதுதாம்மா."

"என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

விசாலாக்ஷி முதலாளியைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் முணுமுணுப்பாக. பின்னாலிருந்து ஷரஃபுதீன் "கொஞ்சம் சத்தமா, அம்மா" என்றதும் குரலை உயர்த்தினாள். சிலிண்டரை விற்கக் கூடாது. முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். ஆறாவது வரியில் தயங்கினாள். தயங்கியது அந்த வரியின் பொருளை அப்போதுதான் அவளே கேட்டதால் என்று நினைக்கிறேன்.

"ஏஜென்சி அனுப்பற எந்தக் கடிதமும்... தபால்ல போட்டுட்டாலே, உங்களுக்குக் கிடைச்சு, நீங்க படிச்சுப் புரிஞ்சுண்டதா அர்த்தம்."

"அதை அடிங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

"கம்பெனி ஃபாரம்மா. அடிக்கக் கூடாது" என்றார் சுயம்புலிங்கம்.

அவள் பேனாவை வாங்கினாள். அடிக்கவில்லை. ஆறாவது வரிக்குப் பக்கத்து வெற்றிடத்தில், நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுதினாள்: 'தமிழில் எழுதினால்.' அதற்குப் பிறகுதான் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஃபாரத்தைக் கெடுத்துட்டியே!" முதலாளி கையை நீட்டினார். அவள் படிவத்தை அவரிடம் கொடுக்காமல் என் பக்கம் நகர்த்தினாள். நான் உள்வரவு முத்திரையை அதன்மேல் குத்தினேன். தேதியும் எண்ணும் போட்டேன்.

அம்மாசி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா எழுதுன அந்தாண்ட? மெதுவா சொல்லு, எனக்கு எழுத்து லேட்டாத்தான் வரும். நானும் எழுதிக்கிறேன்."